ஓட்டத்துக்கு முந்தைய ஓட்டம்

பட்டாபிராம், ஆவடி, அம்பத்தூர் பக்கத்துப் பெரியவர்களிடம் குதிரைப் பந்தயம் என்று பேச்செடுத்தால் குதிரையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சம்பளத்தை வாங்கிக்கொண்டு நேரே கிண்டிக்கு ரயில் ஏறியவர், அடகுக் கடைக்குப் போன தாலிச் சங்கிலி, பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளைகள் என்றுதான் பேச்சு போகும். ஆலைச் சங்கு கேட்டு வளர்ந்த இந்த ஊர்களில் அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியமும் இல்லை.

அந்தக் கோபத்தின் அரசியல் வடிவம்தான் 1974-இல் கலைஞர் மு. கருணாநிதி அரசு கொண்டுவந்த குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டம். திமிறும் குதிரையை ஒருவர் இழுத்துப் பிடிப்பதுபோல அண்ணா மேம்பாலத்தின் கீழே நிற்கும் சிலை அதன் நினைவாக வைக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று 1996-இல் தீர்ப்பு வந்தது. பிறகு கிண்டித் திடலின் நிலத் தகராறு. 1946-இல் பந்தயக் கிளப்புக்கு 99 ஆண்டுக்குக் குத்தகை விடப்பட்ட சுமார் 160 ஏக்கருக்கு ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். பாக்கி 730 கோடி ரூபாய் என்றது அரசு. 2024 செப்டம்பர் 9 அன்று குத்தகையை ரத்து செய்து வாயிலுக்குச் சீல் வைத்தார்கள். கிளப் மறுபடி நீதிமன்றம் போனது. பொது நிலத்தைப் பொது மக்களுக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

ஆனால் இந்த ஐம்பது ஆண்டு வாதத்தில் சூதாட்டம் இருந்தது, நிலம் இருந்தது, வரி இருந்தது. குதிரை இல்லை. எந்தக் குதிரை ஓட வேண்டும், எந்த வயதில், எத்தனை முறை, எவ்வளவு தூரம், யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வியைச் சட்டமன்றத்திலும் கேட்கவில்லை, நீதிமன்றத்திலும் அது மையமாகவில்லை. மும்பை, பெங்களூரு, ஐதராபாத், கொல்கத்தா என்று பந்தயம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஓடுகிற வரைக்குமாவது, ஒரு பெரிய பந்தயத்துக்குக் குதிரை எப்படித் தகுதி பெறுகிறது என்பது பொதுமக்கள் கேட்க வேண்டிய கேள்வி. ஏனென்றால் தகுதி விதியை எழுதுகிற கைதான் அந்தக் குதிரையின் வாழ்க்கையையும் எழுதுகிறது.

இதை உலகத்துக்கே வெளிச்சம் போட்டுக் காட்டியது அமெரிக்காவின் கென்டகி டெர்பி. லூயிவில் நகரத்தின் சர்ச்சில் டவுன்ஸ் திடலில் 1875 முதல் ஆண்டு தவறாமல் நடக்கிறது. மூன்று வயதுக் குதிரைகளுக்கு மட்டும். தூரம் ஒன்றேகால் மைல், சுமார் 2,012 மீட்டர். 1974-இல் நூறாவது டெர்பி என்ற உற்சாகத்தில் 23 குதிரைகள் இறங்கின. முதல் வளைவில் நெரிசல் பார்க்கப் பயமாக இருந்திருக்க வேண்டும். மறு ஆண்டிலிருந்து 20-க்கு மேல் கூடாது என்று வரையறுத்தார்கள். அமெரிக்காவில் ஒவ்வோர் ஆண்டும் பந்தயத்துக்கென்றே பிறக்கும் குட்டிகள் ஆயிரக்கணக்கில். அதில் 20-ஐ எப்படிப் பொறுக்குவது?

நெடுங்காலம் பணத்தை வைத்துப் பொறுக்கினார்கள். தரம் பிரிக்கப்பட்ட பந்தயங்களில் எந்தக் குதிரை அதிகப் பரிசுத் தொகை சம்பாதித்ததோ அதற்கு இடம். கேட்க நியாயமாகத் தெரியும். நடந்தது வேறு. இரண்டு வயதில் 1,200 மீட்டர் விரைவோட்டம் ஒன்றில் பெரிய தொகையை அள்ளிவிட்டால், அடுத்த மே மாதம் டெர்பியில் 2,000 மீட்டர் ஓட மூச்சு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை; இடம் நிச்சயம். பெட்டைக் குதிரைகளுக்கு மட்டுமான பந்தயத்தில் ஈட்டிய தொகையும் அதே கணக்கில் சேர்ந்தது. தூரத்தில் தேறக்கூடிய, ஆனால் மெதுவாக வளர்கிற குதிரை வெளியே நின்றது.

2013 டெர்பியிலிருந்து புள்ளி முறை வந்தது. குறிப்பிட்ட சில பந்தயங்களுக்கு மட்டும் புள்ளி. அவை ஒரு மைலுக்குக் குறையாதவை. இலையுதிர் காலத்து ஆரம்பப் பந்தயங்களில் முதலிடத்துக்கு 10, அடுத்து 4, 2, 1. டெர்பி நெருங்க நெருங்கப் புள்ளி ஏறும். புளோரிடா டெர்பி, சாண்டா அனிட்டா டெர்பி, லூசியானா டெர்பி போன்ற கடைசிக் கட்டப் பந்தயங்களில் வென்றால் 100. மேலே இருக்கும் 20 குதிரைகளுக்கு இடம். சமநிலை வந்தால்தான் பரிசுப் பணத்தைப் பார்ப்பார்கள். பின்னாளில் ஐந்தாம் இடம் வரை புள்ளி நீண்டது, எண்களும் மாறின. அடிப்படை மாறவில்லை. எந்தத் தூரத்துக்குத் தேர்வோ அதை ஒட்டிய தூரத்தில் சோதிப்பது, அண்மைக் கால ஓட்டத்துக்கு அதிக மதிப்பு தருவது. இந்த இரண்டையும் நான் முழுமனதாக ஏற்கிறேன்.

ஏற்க முடியாத ஒன்றும் அதிலேயே இருக்கிறது. பட்டியலை எழுதுவது சர்ச்சில் டவுன்ஸ் நிறுவனம். லாபத்துக்கு நடக்கும் கம்பெனி. லூசியானா டெர்பி நடக்கும் திடலும் அதற்குச் சொந்தம். தனக்குச் சொந்தமான திடலின் பந்தயத்துக்குத் தானே நூறு புள்ளி எழுதிக்கொள்ளலாம். 2002-இல் வார் எம்ப்ளம் என்ற குதிரை இல்லினாய் டெர்பியை வென்றுவிட்டு வந்து கென்டகி டெர்பியையும் வென்றது. புள்ளி முறை வந்தபோது அந்த இல்லினாய் டெர்பிக்கு முதல் பட்டியலில் ஒரு புள்ளிகூட இல்லை. பேனாவின் ஒரே கோட்டில் ஒரு பந்தயம் மங்கிப் போகிறது. அதை நம்பிய லாயங்கள் வேறு ஊர் தேட வேண்டியதாகிறது. தேர்வு விதி எழுதுகிறவருக்குத் தேர்வின் முடிவில் காசு இருக்கக் கூடாது.

2022 மே 6, வெள்ளிக்கிழமை காலை. மறுநாள் டெர்பி. ரிச் ஸ்டிரைக் என்ற குதிரை 20-க்கு வெளியே காத்திருப்புப் பட்டியலில் நின்றது. 30,000 டாலருக்கு, விற்பனைப் பந்தயம் ஒன்றிலிருந்து வாங்கப்பட்ட குதிரை. தகுதிக்கு அதன் கையில் இருந்த பெரிய சான்று, டர்ஃப்வே திடலில் ஒரு மூன்றாம் இடம். டிரெய்னர் எரிக் ரீட் பெரிய லாயத்துக்காரர் அல்ல. 2016 டிசம்பரில் அவர் கொட்டகையில் பிடித்த தீயில் 23 குதிரைகளைப் பறிகொடுத்தவர். மாற்றுக் குதிரை உள்ளே வரக் காலை 9 மணி கெடு. அது முடியச் சற்று முன்பு எத்தீரியல் ரோடு என்ற குதிரை விலக்கிக்கொள்ளப்பட்டது. காலியான இடத்துக்கு ரிச் ஸ்டிரைக் வந்தது. மறுநாள் கடைக்கோடியிலிருந்து கிளம்பி, கூட்டத்தின் இடைவெளியில் உள்வேலியை ஒட்டிப் புகுந்து, புள்ளிப் பட்டியலில் முன்னணியில் இருந்த எபிசென்டரை முக்கால் உடல் நீளத்தில் தாண்டியது. பந்தயக் கணக்கில் அதற்கு ஒன்றுக்கு எண்பது கொடுத்தார்கள். 1913-க்குப் பிறகு அப்படியோர் ஆச்சரிய வெற்றி டெர்பியில் நடக்கவில்லை.

புள்ளிப் பட்டியல் பொய்த்துவிட்டது என்று அன்று நிறையப் பேர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரிச் ஸ்டிரைக் அதற்குப் பின் ஒரு பந்தயமும் வெல்லவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பட்டியல் சராசரியைச் சொல்லும். ஒரு நாளைச் சொல்லாது. அந்த ஒரு நாளுக்கு இடம் விட்டுவைத்ததுதான் அந்த விதியின் நல்ல பகுதி. விலகும் குதிரைக்குப் பதிலாக உள்ளே வர, பெயரும் வரிசையும் முன்கூட்டியே அறிவித்த காத்திருப்புப் பட்டியல் இருந்தது. யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

இதைப் படிக்கிற மேற்குச் சென்னைக்காரருக்கு வேறொரு முகம் நினைவுக்கு வரலாம். மேல் அயனம்பாக்கத்தில் வேலம்மாள் பள்ளியில் படித்த குகேஷ், உலகச் செஸ் சாம்பியன் ஆவதற்கு முன்னால் உலகச் சாம்பியனை எதிர்த்து ஆடுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் இடம் பிடித்த கதையும் கடைசி நேரப் புள்ளிக் கதைதான். 2023-இல் உலகச் செஸ் கூட்டமைப்பான பிடே, ஆண்டு முழுவதும் நடக்கும் போட்டிகளுக்குச் சர்க்யூட் என்ற பெயரில் புள்ளி தந்து அதில் ஓர் இடம் ஒதுக்கியது. ஆண்டு முடியச் சில நாட்களே இருக்க, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஆதரவில் சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் போட்டி டிசம்பர் 15 முதல் 21 வரை நடந்தது. குகேஷும் அர்ஜுன் எரிகைசியும் சமப் புள்ளியில் முடிக்க, டைபிரேக்கில் குகேஷுக்குப் பட்டம். அந்தப் புள்ளி அவரை முன்னுக்குத் தள்ளியது. சர்க்யூட்டில் முதலில் வந்த அமெரிக்காவின் கருவானா ஏற்கெனவே வேறு வழியில் தகுதி பெற்றிருந்ததால் அந்த இடம் குகேஷுக்கு வந்தது. 2024 ஏப்ரலில் டொராண்டோவில் கேண்டிடேட்ஸ் வெற்றி. டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் 18 வயதில் உலகப் பட்டம்.

புள்ளிக்காகவே கடைசி நேரத்தில் போட்டி வைத்தார்கள் என்று அப்போது வெளிநாட்டில் முணுமுணுப்பு எழுந்தது. அதே டிசம்பரில் பிரான்சின் அலிரேசா பிரூஜா, ரேட்டிங் வழியில் உள்ள இடத்தைப் பிடிக்க, ஓய்வை நெருங்கிய கிராண்ட் மாஸ்டர்களோடு சார்த்தர் நகரத்தில் தனி ஆட்டங்கள் ஆடினார். பிடே அதை ஏற்கவில்லை. பிறகு ரூவான் நகரத்தின் திறந்த போட்டியில் ஏழுக்கு ஏழு எடுத்து இடம் பிடித்தார். நான் இதில் ஆட்டக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். விதி திறந்து வைத்த வழியில் அவர்கள் நடந்தார்கள். ஆனால் குகேஷ், பிரூஜா இருவரும் தாமாக முடிவெடுத்து ஆடினார்கள், களைத்தால் மறுக்கலாம். குதிரைக்கு அந்த வாய் இல்லை. அதனால்தான் குதிரைக்கான புள்ளிப் பட்டியலை இன்னும் கவனமாக எழுத வேண்டும் என்கிறேன்.

இரண்டு வயதுக் குதிரையின் முன்னங்கால் முட்டிக்கு மேலே எலும்பு வளரும் தட்டு இன்னும் முழுதாக மூடியிருக்காது. கால்நடை மருத்துவர் எக்ஸ்ரேயில் பார்த்தால் மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரியும். அந்தக் கோடு மறைவதற்குள் வேக ஓட்டம் ஓட்டினால், வலி எங்கே சேர்கிறது என்பது மூன்று வயதில் தெரியும். பணக் கணக்கு இருந்த காலத்தில் இரண்டு வயதிலேயே அதிகம் ஓடத் தூண்டுதல் இருந்தது. புள்ளி முறையின் முதல் ஆண்டில், இரண்டு வயதுக் குதிரைகளின் உச்சப் பந்தயமான பிரீடர்ஸ் கப் ஜுவனைலுக்கே வெறும் 10 புள்ளி. குதிரை உரிமையாளர்கள் கொதித்தார்கள். பின்னர் அதைக் கூட்டிவிட்டார்கள். கூட்டியிருக்க வேண்டாம் என்பது என் கட்சி.

ஒரு பட்டியல் நல்லதும் செய்ய முடியும் என்பதற்கு அங்கேயே சான்று உண்டு. ஓட்டத்தில் நுரையீரலில் ரத்தம் கசியாமல் இருக்க அமெரிக்காவில் பந்தய நாளன்று லாசிக்ஸ் ஊசி போடுவது பல காலம் சர்வசாதாரணம். அது உடம்பின் நீரை வெளியேற்றி எடையையும் இறக்கும். தடை போடுவது பெரிய சண்டை. 2021 டெர்பிக்கான பந்தயங்களில், லாசிக்ஸ் போட்டு ஓடிய குதிரைக்குப் புள்ளி இல்லை என்று விதி எழுதினார்கள். டெர்பிக் கனவு உள்ள லாயங்கள் ஊசியை எடுத்து வைத்தன. அண்மையில் இன்னொன்று: ஐந்து குதிரைகளோ அதற்கும் குறைவாகவோ ஓடும் பந்தயத்தில் புள்ளியைக் குறைத்தார்கள். எதிராளி இல்லாத களத்தைத் தேடிப் போய் நூறு புள்ளி வாங்கும் வேலை குறைந்தது. ஆனால் 2023-இல் டெர்பியை ஒட்டிய சில வாரங்களில் சர்ச்சில் டவுன்ஸில் 12 குதிரைகள் இறந்தன; பந்தயத்தை வேறு திடலுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. புள்ளிப் பட்டியலில் எங்கேயும் ஓய்வுக்கு மதிப்பு இல்லை. அந்த ஓட்டையை அவர்கள் இன்னும் அடைக்கவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இந்தியன் டெர்பி 1943-இல் தொடங்கியது. மும்பை மகாலட்சுமி திடலில், 2,400 மீட்டர், நான்கு வயதுக் குதிரைகளுக்கு. முதல் ஆண்டே வென்றது பிரின்சஸ் பியூட்டிஃபுல் என்ற பெட்டைக் குதிரை. அமெரிக்காவைவிட ஒரு வயது கூடுதலாகக் காத்திருப்பது நல்ல வழக்கம். அதில் கை வைக்கக் கூடாது. கிண்டிக்கும் சவுத் இந்தியா டெர்பி உண்டு. செட்டிநாட்டு எம்.ஏ.எம். ராமசாமியின் குதிரைகள் இந்தியா முழுக்கக் கிளாசிக் பந்தயங்களை அள்ளிய காலத்தை இந்தத் துறைக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். ஆனால் நம் டெர்பிகளுக்கு ஊர் ஊராகச் சேர்ந்து கூடும் ஒரு பொதுப் புள்ளிப் பட்டியல் கிடையாது. சிறு வயதிலேயே பெயர் கொடுத்து, தவணை தவணையாக நுழைவுக் கட்டணம் கட்டிக்கொண்டே வர வேண்டும். கட்டத் தவறினால் வெளியே. நிலைத்து நிற்பவர் யார் என்பது பணப் பையின் ஆழத்தைப் பொறுத்தது.

அன்றாடப் பந்தயங்களுக்கு ரேட்டிங் முறை இருக்கிறது. எடைக் கணக்குப் பார்க்கும் ஹேண்டிகேப்பர் ஒவ்வொரு குதிரைக்கும் ஓர் எண் தருவார். வென்றால் ஏறும், தோற்றால் இறங்கும். 0 முதல் 25, 20 முதல் 45, 40 முதல் 65 என்று வகுப்புகள். ஒரு புள்ளி கூடினால் அரைக் கிலோ எடை கூடும். சேணத்தோடு ஈயத் தகடு வைத்து ஓட்டுவார்கள். எல்லாக் குதிரையும் ஒன்றாக முடிக்க வேண்டும் என்ற நோக்கில் செய்த கணக்கு இது. பந்தயம் கட்டுகிறவருக்குச் சுவை. ஆனால் சிறந்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்துக்கு, சமப்படுத்துவதற்கென்று எழுதிய எண்ணைக் கொண்டுபோவது பொருந்தாது. எடையைக் குறைத்துக்கொள்ள வேண்டுமென்றே ஒரு குதிரையைப் பின்னால் வைத்து ஓட்டும் ஆசையும் அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. பந்தயக் கண்காணிப்பாளர்களான ஸ்டூவர்டுகள் கண்கொத்திப் பாம்பாக நிற்பது அதற்காகத்தான். பல ஊர்க் குதிரைகளைக் கூட்டும் எண்ணம் நம்மிடமும் இல்லாமல் இல்லை. 1963-இல் தொடங்கிய இந்தியன் டர்ஃப் இன்விடேஷன் கோப்பை ஊர் ஊராகச் சுற்றி வருகிறது. அதன் பெயரே சொல்வதுபோல அழைப்பின் பேரில் வரும் ஓட்டம். அழைப்பு நல்ல மனத்தோடு வந்தாலும், எதற்காக அழைத்தோம் என்பதை முன்கூட்டி எண்ணில் எழுதி வைப்பது மேல்.

எங்கள் பட்டாபிராமில் இந்துக் கல்லூரிப் பக்கம் விடிகாலையில் நடந்தால் போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகும் பையன்களைப் பார்க்கலாம். ஆண்களுக்கு 1,500 மீட்டர், ஏழு நிமிடம். ஒருவன் கைபேசியில் ஸ்டாப்வாட்ச் பிடிப்பான், மற்றவர்கள் சட்டை நனைய வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டு "எவ்ளோடா?" என்பார்கள். ஆறு ஐம்பதென்றால் முகம் மலரும். தேர்வு வாரியத்தில் யாரைத் தெரியும் என்பது அந்த ஏழு நிமிடத்துக்குள் நுழையாது. விதி முன்பே தெரியும், தூரம் தெரியும், கடிகாரம் எல்லோருக்கும் ஒன்று. ஓர் ஓட்டத்துக்குத் தகுதி என்று எதைச் சொல்கிறோமோ அதற்கு இதைவிடக் குறைந்த நியாயத்தை யாரும் ஒப்பக் கூடாது.

இந்தியப் பந்தயக் கிளப்புகள் சேர்ந்து டெர்பிக்கு ஒரே புள்ளிப் பட்டியல் போட வேண்டும். மகாலட்சுமி, பெங்களூரு, மைசூரு, ஐதராபாத், கொல்கத்தா, கிண்டி என எங்கே ஓடினாலும் ஒரே அளவு. 1,600 மீட்டருக்குக் குறைந்த ஓட்டத்துக்குப் புள்ளி வேண்டாம். இரண்டு வயது ஓட்டத்துக்கு அறவே வேண்டாம். ஒரு குதிரையின் சிறந்த மூன்று முடிவுகளை மட்டும் கூட்ட வேண்டும். நான்காவது, ஐந்தாவது முறை ஓட்டுவதால் ஒன்றும் கிடைக்காது என்றால் தேவையில்லாமல் ஓட்டும் ஆசை தானே அடங்கும். செஸ் சர்க்யூட்டிலும் சிறந்த சில முடிவுகளைத்தான் எண்ணுகிறார்கள். இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில் குறிப்பிட்ட நாள் ஓய்வு இல்லாவிட்டால் இரண்டாவது ஓட்டத்தின் புள்ளி செல்லாது என்றும் எழுதலாம். பட்டியலை எழுதுவது பந்தயம் நடத்தும் கிளப்பாக இருக்கக் கூடாது. கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் பேராசிரியர்கள், ஓய்வு பெற்ற ஸ்டூவர்டுகள், பந்தயத்தில் பங்கு இல்லாத ஒரு நீதிபதி என்று ஒரு குழு போதும். களம் நிறைந்தால் இரண்டு இடமாவது காத்திருப்புப் பட்டியலுக்கு, பெயர் அறிவித்து.

கட்டணத் தவணை முழுதாகப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பந்தயம் நடத்தச் செலவு உண்டு. ஆனால் புள்ளியில் முன்னால் நிற்கும் ஏழை லாயத்துக் குதிரை, கட்டணம் கட்டாததால் மட்டும் வெளியே நிற்கக் கூடாது. ஓட்டம் முடிந்து பரிசில் பிடித்துக்கொள்ளட்டும். இன்னொன்று: ஓடி ஓய்ந்த தன் குதிரைகளை என்ன செய்தார் என்று பதிவு காட்டாத உரிமையாளரின் புதிய குதிரைக்குப் புள்ளி ஏறக் கூடாது. சூதை வெறுக்கிறவர்களும் குதிரையை விரும்புகிறவர்களும் சண்டையில்லாமல் சேர்ந்து கேட்கக்கூடிய கோரிக்கை இது.

அரசுக்கும் இதில் வேலை இருக்கிறது. பந்தயம், அதன் மீதான பந்தயத் தொகை இரண்டும் அரசமைப்புச் சட்டப்படி மாநிலங்களின் கையில் உள்ள பொருள்கள். உரிமம் புதுப்பிக்கும்போது, தகுதி விதியைப் பருவம் தொடங்குமுன் வெளியிட்டாயா என்று ஒரு வரி கேட்டால் போதும். வரி எவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

லாயத்தில் குதிரையோடு அதிக நேரம் இருப்பவர் சைஸ் எனப்படும் குதிரைப் பராமரிப்பாளர். அதிகாலையில் குதிரையை வெளியே நடத்துமுன், குனிந்து முன்னங்காலில் முட்டியிலிருந்து குளம்புவரை உள்ளங்கையை மெல்ல ஓட்டுவார். தோலுக்கடியில் சூடு தட்டினால், தசைநாண் சற்று தடித்திருந்தால், டிரெய்னருக்கும் டாக்டருக்கும் முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். இன்றைக்கு அவர் சொல்வது வாய்ச்சொல்லாகவே போய்விடுகிறது. பெரிய பந்தயம் நெருங்கினால் கேட்கப்படாமலும் போகலாம். புள்ளி கூடும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முந்தைய பத்து நாள் அவர் பார்த்ததைத் தேதியோடு எழுதிய குறிப்பேடு, மருத்துவரின் கையெழுத்தோடு சேர்ந்து வர வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதட்டும். குறிப்பேடு இல்லாத குதிரை வென்றாலும் பரிசு கிடைக்கட்டும், புள்ளி வேண்டாம்.